நினைவகத்தில் எதை விடுவது, எதை வைப்பது?



2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பதுளை, பசறை, ஹாலிஎலப் பகுதித் தோட்டப் பிள்ளைகள் பலருக்குக் கைத்தொலைபேசி வழியாகவே பாடம் வந்தது. வேறு பலருக்கு அதுவும் கிட்டவில்லை. இன்று வேலை விண்ணப்பமும் அக்கருவியிலேயே நிரப்பப்படுகிறது. பாதி நிரப்பியது திடீரென மறைந்துபோனால் எத்துணை வருத்தம்! அது ஏன் நேர்கிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஆண்ட்ராய்டு வகைக் கைத்தொலைபேசிகளில் எல்லாவற்றிற்கும் அடியில் இயங்குவது லினக்ஸ் கெர்னல் என்னும் அடிப்படை நிரல். அது நினைவகத்தைப் பெரும்பாலும் 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்து ஆள்கிறது. இடம் குறையும்போது எந்தப் பக்கத்தை மீட்பது என்று தீர்மானிப்பதும் அதன் கடமையே.

நமது வாசிகசாலை மேசையை எண்ணிப் பாருங்கள். மேசை நிறைந்துவிட்டது, புதிய நூலொன்று வைக்க வேண்டும். எதை எடுப்பது? ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த லாஸ்லோ பேலாடி என்னும் அறிஞர் 1966இல் இதற்கு உத்தம விதியைக் காட்டினார்: இனி நெடுங்காலம் வேண்டப்படாததையே எடுக்க வேண்டும். ஆனால் வருங்காலத்தை அறிந்தவர் யார்? ஆகவே கெர்னல் சென்ற காலத்தைச் சாட்சியாகக் கொள்கிறது. ஒரு பக்கம் பயன்படும்போது அதில் ஓர் அடையாளம் விழுகிறது. சோதனையில் அடையாளம் இருந்தால், அதை அழித்துவிட்டு மறுவாய்ப்பு அளிக்கிறது. அடுத்த சோதனை வரையில் அப்பக்கத்தை எவரும் தொடாவிடில் வெளியேற்றுகிறது. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1 பதிப்பில், பக்கங்களைத் தலைமுறைகளாக வகுத்து, மூத்த தலைமுறையை முதலில் சோதிக்கும் முறையும் சேர்ந்தது.

அச்சு நூலை மேசையிலிருந்து தயங்காது எடுக்கலாம். அலுமாரியில் வேறு பிரதி உண்டு. இன்று கையால் எழுதிய கூட்டக் குறிப்பை அவ்வாறு எறியலாமா? கெர்னலும் இவ்வேறுபாட்டை அறியும். சேமிப்பில் பிரதியுள்ள பக்கத்தை உடனே விடுகிறது. திருத்தப்பட்ட கோப்புப் பக்கத்தைச் சேமிப்பில் எழுதிய பின்னரே விடுகிறது. எங்கும் பிரதியில்லாததைச் சுருக்கி நினைவகத்தின் ஒரு மூலையில் வைக்கிறது. அப்படியும் இடம் போதாவிடில், பின்னணியிலுள்ள செயலியொன்று நிறுத்தப்படும். அதில் சேமிக்கப்படாத விண்ணப்பம் இருந்தால், அதுவும் உடன் போய்விடும்.

ஆகவே, பெரியோர்களே, எழுதியது மறைந்தது என்று பிள்ளை கூறினால் உடனே கடிந்துகொள்ளாதீர்கள். வாலிபர்களே, நினைவகம் நிறைந்திருப்பது குற்றமன்று. வெறும் மேசையால் யாருக்குப் பயன்? செயலிகளை ஓயாது மூடினால், மீண்டும் திறக்க நேரமும் மின்சாரமும் வீணாகும். விண்ணப்பத்தை மட்டும் இடையிடையே சேமியுங்கள். அதற்கு வழியில்லையெனில், விடைகளை முதலில் கொப்பியில் எழுதிக்கொண்டு, வேறு செயலிக்குத் தாவாமல் ஒரே அமர்வில் நிரப்பி அனுப்புங்கள்.