லாபம் சம்பாதிப்பது தப்பா?



போன மாதம் ஓய்வுநாள் பாடசாலையில் ஒரு பையன், "ஆன்ட்டி, லாபம் சம்பாதிக்கிறது தப்பா?" என்று கேட்டான். பெரியவனானதும் பிசினஸ் செய்ய அவனுக்கு ஆசை. அன்று ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

என் பாட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷன் செய்து, சோடா பாட்டில் கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் புரை விழுந்த லென்ஸை எடுத்துவிடுவார்கள். பதிலுக்குக் கண்ணுக்குள் ஒன்றும் வைக்கமாட்டார்கள். ஒருநாள் கண்ணாடி விழுந்து உடைந்தது. புதுக் கண்ணாடி வரும்வரை பாட்டி மறுபடியும் சுவரைத் தடவித்தான் நடந்தார்கள். உள்ளே வைக்கிற செயற்கை லென்ஸ் அப்போதே வெளிநாட்டில் கிடைத்தது. ஆனால் ஒன்றின் விலை நூறு டாலர் அளவில் இருந்தது. எங்கள் ஊரில் யாரால் முடியும்?

மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-ல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே ஆபரேஷன் செய்யப் பழகியவர். வசதி உள்ளவர்கள் கட்டணம் கட்டினார்கள், இல்லாதவர்களுக்கு இலவசம். அறையில் வித்தியாசம் உண்டு, டாக்டரில் கிடையாது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ செய்தும் பணம் மிஞ்சியது. அந்த மிச்சத்தில்தான் அடுத்த கட்டடம் எழும்பியது.

பிள்ளைகளே, இது எப்படி முடிந்தது தெரியுமா? தியேட்டரில் ஒரு டாக்டருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜை. ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளியை நர்ஸ்கள் தயார் செய்துவிடுவார்கள். டாக்டரின் ஒரு நிமிடமும் வீணாகாது. கிராமத்துப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, இந்த வேலைக்கு ஆக்கினார்கள். நான் இங்கிலாந்தில் படித்தபோது எங்கள் ஆசிரியை மதுரையை உதாரணம் காட்டினார். எனக்கு ஒரே பெருமை! ஆனாலும் இப்படிப்பட்ட கதையை எங்கே கேட்டாலும், அந்த நர்ஸ் பிள்ளைகளுக்குச் சம்பளம் என்ன, லீவு எத்தனை என்று கேட்கத் தோன்றும். வேகமெல்லாம் அவர்கள் காலில்தானே நிற்கிறது.

லென்ஸுக்கு என்ன செய்தார்கள்? 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். பத்து டாலர் மட்டில் லென்ஸ் வந்தது. பிறகு விலை இன்னும் இறங்கியது. இனாமாகக் கொடுக்கவில்லை, விற்றார்கள். இன்று நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. நன்கொடையை மட்டும் நம்பியிருந்தால், கொடுப்பவர் கை நின்ற அன்றே லென்ஸும் நின்றிருக்கும்.

நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில், பெயர் வேண்டாம், முன்பணம் கட்டாத ஒரு தகப்பனை வாசலிலேயே திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அங்கேயும் லாபம்தான் வந்தது. ஆகவே தம்பி, லாபம் தப்பில்லை. அது யாரிடமிருந்து வருகிறது, பிறகு எங்கே போகிறது என்று கேள்.

என் அம்மாவுக்கும் புரை விழுந்தது. அவர்கள் முழுக்கட்டணம் கட்டி மதுரையில் லென்ஸ் வைத்துக்கொண்டார்கள். இப்போது ஊசியில் தானே நூல் கோர்க்கிறார்கள். அந்தப் பணத்தில் பாட்டியைப்போல் யாருக்குப் பார்வை கிடைத்தது என்பது அம்மாவுக்குத் தெரியாது.