‘நைசு’ படும் பாடு



ஆங்கிலத்தில் ‘நைசு’ என்றொரு சிறிய பெயரடை உண்டு. எழுத்தறியாத மூதாட்டியும் இன்று அதனைச் சொல்கிறாள். பட்டம் பெற்ற இளைஞனும் சொல்கிறான். ஆயின், இருவரும் அதனைத் தமிழாகவும் வழங்கவில்லை, ஆங்கிலமாகவும் வழங்கவில்லை. இந்த இரண்டுங்கெட்ட நிலையே இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது.

“மாவை நைசாக அரை” என்கிறாள் தாய். “துணி நைசாக இருக்கிறது” என்கிறார் கடைக்காரர். “பலகையை நைசாக இழை” என்கிறார் தச்சர். “கூட்டத்திலிருந்து நைசாக நழுவிவிட்டான்” என்கிறான் நண்பன். “நைசாகப் பேசிப் பணத்தைக் கறந்துவிட்டான்” என்கிறார் ஏமாந்தவர். இடம் ஐந்து; பொருள் ஐந்து; சொல்லோ ஒன்று.

இதனைச் சிலர் சொல்வளம் எனக் கருதலாம். வந்த சொல் ஒன்று, வீட்டில் இருந்த சொற்கள் ஐந்தை வெளியேற்றியது எவ்வாறு வளமாகும்? மாவை மைய அரைக்கலாம்; நைய அரைக்கலாம். துணி மெல்லியது. பலகையை வழவழப்பாக இழைக்கலாம். கூட்டத்திலிருந்து நழுவியவன் ஓசைப்படாமல் நழுவினான், கமுக்கமாக நழுவினான். பணத்தைக் கறந்தவன் குழைந்து பேசினான், நயந்து பேசினான். ‘நைசாக’ என்பதை விலக்கி ‘நைச்சியமாக’ என்பாரும் உளர். அது வடசொல். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவது போன்றது அச்செயல்.

நொசிவு, நுழைவு, நுணங்கு என்னும் மூன்றும் நுண்மைப் பொருளை உணர்த்தும் எனத் தொல்காப்பியம் உரியியலில் கூறுகிறது. நுண்மை என்னும் ஒரு பண்பிற்கே இத்தனை சொல் கண்ட இனம், இன்று மாவுக்கும் துணிக்கும் மரத்துக்கும் கள்ளத்தனத்துக்கும் ஒரே அயற்சொல்லை நீட்டுகிறது. சொல் தேய்ந்தால் நோக்கும் தேயும். மென்மை வேறு, வழவழப்பு வேறு, நுண்மை வேறு எனப் பிரித்துக் காணும் கூர்மையே மழுங்கிவிடும்.

இனி, ஆங்கிலமாவது ஒழுங்காக அமைகிறதா எனக் காண்போம். இன்றைய ஆங்கிலத்தில் அச்சொல்லின் பெருவழக்கான பொருள் ‘இனிய’, ‘நல்ல’, ‘அன்புள்ள’ என்பனவே. இனிய மனிதர், இனிய மாலை, நல்ல உணவு என்னுமிடங்களில் அது பொருந்தும். நுண்ணிய வேறுபாடு என்னும் பழம்பொருள் அறிஞர் எழுத்தில் அருகி வழங்குகிறது. ஆனால், மாவரைக்கும் இடத்தில் ஆங்கிலேயர் அதனைச் சொல்லார், ‘பைன்’ என்பர். வழவழப்பை ‘சுமூத்’ என்பர். ஒருவன் ‘நைசுலி’ பணம் பெற்றான் என்று தமிழ் மாணவன் ஆங்கிலத்தில் எழுதினால், பண்பாக நடந்துகொண்டு பெற்றான் என்றே ஆங்கிலேயர் பொருள்கொள்வர். திருடனைப் பற்றிய முறையீடு, திருடனுக்கு வழங்கிய நற்சான்றாகிவிடும்!

மாணவர் வழுக்கும் இடம் இன்னொன்று. தமிழில் “சுவை நன்றாக இருக்கிறது” என்கிறோம். ‘ஆக’ என்னும் ஈறு பெற்ற வினையடை அது. அப்பழக்கத்தால் ஆங்கிலத்திலும் “இட் டேசுட்சு நைசுலி” என்று எழுதிவிடுகின்றனர். இது பிழை, “இட் டேசுட்சு நைசு” என்பதே சரி. இருத்தல், தோன்றுதல், மணத்தல், சுவைத்தல் போன்று எழுவாயின் நிலையைச் சுட்டும் வினைகளுக்குப் பின் ஆங்கிலம் பெயரடையையே வேண்டும். ஆனால் ஒரு பெண் நன்றாகப் பாடுகிறாள் என்னும்போது பாடும் செயலைச் சிறப்பிப்பதால் ‘நைசுலி’ வரும். ஒப்புமை கூறுங்கால் ‘நைசர்’, ‘நைசெசுட்டு’ என்பனவே இயல்பான வழக்கு. இகழ்ச்சிக்குறிப்பாகவும் அது வரும். “நல்ல வேலை செய்தாய், போ!” என்று நாம் சினந்து சொல்வதில்லையா? அதுபோன்றதே.

அச்சொல்லின் பிறப்பும் அறியத்தக்கது. இலத்தீனில் ‘நெசியசு’ என்றால் அறியாதவன். அது பழைய பிரெஞ்சின் வழியாக 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துள் புகுந்தபோது ‘மடமையுடைய’ என்று பொருள்பட்டது. பின்னர், எதிலும் நுணுகிக் குறை காணும் இயல்பையும், செப்பமான நுண்மையையும் குறித்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ‘இனிய’ என்னும் பொருள் பரவியது. சேன் ஆசுட்டின் என்னும் ஆங்கிலப் புதின ஆசிரியை எழுதி, அவர் மறைந்த 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘நார்த்தாங்கர் அபி’ என்னும் புதினத்தில், எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்லையே வழங்கும் வழக்கத்தை ஒரு கதைமாந்தர் எள்ளி நகையாடுகிறார். ஆங்கிலேயரே தம் சொல் தேய்வதை அன்றே உணர்ந்தனர். நாமோ அத்தேய்ந்த காசைப் பொன்னென்று வாங்கி முடிந்துகொள்கிறோம்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ‘நை’ என்னும் தமிழ் வேரிலிருந்தோ, ‘நயம்’ என்பதிலிருந்தோ ஆங்கிலச்சொல் பிறந்தது எனச் சில அன்பர்கள் ஆர்வத்தால் கூறக்கூடும். ஒலி ஒன்றுபடுவதால் மட்டும் இனம் ஒன்றாகிவிடாது. அச்சொல் வந்த வழி இலத்தீன் வரை தெளிவாக உள்ளது. தமிழின் பெருமைக்குப் பொய்க்கால் தேவையில்லை; மெய்க்காலே வலியது.

ஆங்கிலத்தை வெறுக்க வேண்டுமென்பதன்று இதன் கருத்து. 1916இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகள் ஆங்கிலத்திலும் நூல் எழுதிய பெரும்புலவர். மொழிஞாயிறு பாவாணர் தமிழே உலகின் முதற்செம்மொழி என நிறுவ 1966இல் வெளியிட்ட நூலை ஆங்கிலத்திலேயே எழுதினார். ஆங்கிலத்தை ஆங்கிலமாகக் கற்றதனால்தான் அவர்களால் தமிழைத் தமிழாகக் காக்க முடிந்தது. இரண்டையும் குழப்புவோர் இரண்டையும் இழப்பர்.

எனவே தாய்மார்களே, நாளைக் காலை மாவை மைய அரைக்கச் சொல்லுங்கள். மாணவர்களே, ஆங்கிலத் தேர்வில் ‘நைசு’ எழுதுங்கால் அதன் இடமறிந்து எழுதுங்கள். தேர்வறையை விட்டு வந்ததும் அதனை அங்கேயே விட்டு வாருங்கள். அயலார் வீட்டுக்கு விருந்து செல்லும்போது அவர் முறைப்படி உண்போம். நம் வீட்டு அடுப்பில் நம் உலையே கொதிக்கட்டும்.

வெல்க தமிழ்!