வளைபரப்பும் நான்கு புள்ளிகளும்



நம் திருவொற்றியூர் என்பீல்டு தொழிற்சாலையினின்று புறப்பட்ட மோட்டார் சைக்கிளைக் காணாதார் இங்கு இலர். நீர்த்துளி போன்ற அதன் பெட்ரோல் டாங்கியில் தட்டையான இடம் எங்குளது? இத்தகைய வடிவைக் கணினியில் அமைக்கப் பயிலும் என் தமக்கை மகன், சென்ற மாதம் மனஞ்சோர்ந்து வந்தான். ஓரக்கோட்டில் நாற்பது புள்ளிகள் இட்டும், அவற்றின்மேல் விரித்த பரப்பு மேடுபள்ளமாகவே நின்றதாம். தமிழாசிரியனாகிய யான் என் செய்வேன்? அவனுடன் அமர்ந்து யானும் கற்றேன்.

1960-களில் பிரான்சு தேசத்து ரெனால்ட் நிறுவனப் பொறியாளர் பியர் பெசியே பரப்பிய முறையில், ஒரு வளைவுக்கு நான்கு புள்ளிகளே போதும். முதற்புள்ளியில் தொடங்கிக் கடைப்புள்ளியில் முடியும் அவ்வளைவு, இடைப்பட்ட இரண்டையும் பெரும்பாலும் தொடாது. அவற்றின்பால் சாய்ந்தே செல்லும். எட்ட நின்று இழுக்கும் இவ்வித்தை மாமியார்க்கும் உண்டு என்றாள் என் மனையாள்.

இரு வளைவுகள் கூடுமிடத்தில் திசையும் ஒத்தல் வேண்டும், வளையும் அளவும் ஒத்தல் வேண்டும். இன்றேல், வண்ணம் பூசியபின் ஒளி அங்கே முறிந்து தோன்றும். திரையில் கருப்பு வெள்ளை வரிகளைப் படரவிட்டால் இக்குற்றம் முன்னரே புலப்படும்.

நாற்பதையும் அழித்து, நான்கு வளைவுகளாகப் பகுத்து மீளத் தொடங்கினான். இரண்டு இணைப்புகள் செம்மையாயின. மூடியருகே உள்ளது இன்னும் முறிகின்றது. அவனுக்குத் தேர்வோ அடுத்த திங்களில். இத்தொழிலறிந்த அங்கத்தினர் எவரேனும் ஞாயிறுதோறும் சங்கக் கட்டிடத்தில் ஒரு மணி நேரம் தருவாராயின், கணினியை யான் கொணர்வேன்.