சட்டசபை அங்கத்தினர் ஒருவரின் சரிதை

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சென்ற மாதம் இதே மண்டபத்தில் நாம் கூடியிருந்தபொழுது, அன்பர் பலர் எழுந்து ஒரே குறையை வெவ்வேறு சொற்களாற் கூறினர். "சட்டசபையில் நம்மவர் ஒருவர் இல்லையே, இருந்தால் நம் காரியங்கள் இப்படிக் கிடப்பில் கிடக்குமா?" என்பதே அக்குறை. அது நியாயமான குறையே. ஆயினும் அன்று வீடு திரும்புங்கால் என் மனத்தில் வேறொரு வினா எழுந்தது. நம்மவர் ஒருவர் சட்டசபைக்குச் செல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். சென்றபின் அவர் அங்கே யாது கேட்க வேண்டும்? இவ்வினாவுக்கு விடையாக ஒரு பெரியாரின் சரிதையை உங்கள் முன் வைக்கலாமென எண்ணியே இன்று பேச ஒப்புக்கொண்டேன். அவர் திவான்பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள்.

"அவர் நம் குலத்தவர் அல்லரே; நம் சங்கத்தில் அவர் சரிதை எதற்கு?" என்று சிலர் கருதக்கூடும். அவ்வாறு கருதுவோரே இச்சரிதையை முக்கியமாகக் கேட்க வேண்டியவர்கள். காரணத்தை முடிவிற் கூறுவேன்.

சீனிவாசனார் செங்கற்பட்டு ஜில்லாவில், அக்காலத்தில் தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்ட குடியிற் பிறந்தவர். கோயம்புத்தூரில் கல்வி கற்றார். அங்கே உடன் பயின்றோரிற் பெரும்பாலோர் மேற்குலத்துப் பிள்ளைகள். தம் குலம் இன்னதென்று தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவரே என்று அஞ்சி, அவர் பள்ளிக்கு வெளியே எட்ட நின்று ஏதேனும் படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுட் செல்வாராம். விளையாட்டிலும் பிற பிள்ளைகளோடு சேர்ந்ததில்லை. இச்செய்தியை அவரே தம் சரித்திரச் சுருக்கத்தில் எழுதிவைத்துள்ளார். கதவு திறந்திருந்தும் உள்ளே புகக் கூசி நின்ற அச்சிறுவனின் உருவத்தை மனத்திற் கொள்ளுங்கள். பின்னர் அவர் செய்த காரியத்தின் பொருள் அப்பொழுதே விளங்கும்.

அவர் வளர்ந்து உத்தியோகம் பார்த்தபின், அஞ்சி மறைத்த அதே பெயரை வெளிப்படையாக ஏந்தத் துணிந்தார். 1891 ஆம் வருஷத்தில் தம் மக்களுக்கென ஒரு மகாஜன சபையை நிறுவினார். 1893 ஆம் வருஷத்தில் "பறையன்" என்ற பெயராலேயே ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். இகழ்ச்சியாக எறியப்பட்ட சொல்லைத் தம் பத்திரிகையின் முகப்பில் அச்சிட்டுத் தலைநிமிர்ந்து நின்ற நெஞ்சுரம் சாமானியமானதன்று. அதன் பின்னர் 1904 ஆம் வருஷத்தில் கடல் கடந்து ஆப்பிரிக்கா சென்று, நெடுங்காலம் அங்கே ஜீவித்துத் திரும்பினார்.

அவர் திரும்பி வந்த காலத்தில் இந்நாட்டு அரசியல் முறை சிறிது மாறியிருந்தது. 1919 ஆம் வருஷத்துச் சீர்திருத்தச் சட்டத்தின்படி சென்னை ராஜதானிக்கு விரிந்த சட்டசபை ஒன்று ஏற்பட்டிருந்தது. ஆயினும் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அன்று கிடையாது. சொத்தும் வரியும் உடையார்க்கே வாக்கு. சொத்தில்லாத மக்களுக்காகப் பேசுவோர் தேர்தலில் வென்று வருவது அரிது. ஆதலின் அவர்களிற் சிலரைக் கவர்னரே நியமித்தார். அவ்வாறு நியமனம் பெற்று, 1923 ஆம் வருஷத்தில் சீனிவாசனார் சட்டசபை அங்கத்தினரானார்.

அன்பர்களே, அவருடைய நிலைமையைச் சற்றுச் சிந்தியுங்கள். அவர் பின்னே வாக்காளர் படை இல்லை. பெருங்கட்சியின் தலைமை இல்லை. மந்திரி பதவி இல்லை. நிறைந்த சபையில் சிறுபான்மையினரில் ஒருவர். தமக்கு ஓட்டுப் போடக் கடமைப்பட்டவர் எவருமில்லாத இடத்தில், நியாயத்தை எடுத்துரைத்துப் பிறர் மனத்தை இசைவிப்பதொன்றே அவருக்கு வாய்த்த கருவி.

1924 ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் அவர் கொணர்ந்த தீர்மானம் அச்சபையில் நிறைவேறியது. அதன் சாரம் இது: எந்த வகுப்பை அல்லது சமூகத்தைச் சார்ந்த எவரும் எந்த ஊரிலும் நகரிலும் பொதுச் சாலை, தெரு, பாதை வழியே நடப்பதற்கு ஆட்சேபம் இல்லை, பொதுக் காரியாலயம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றை சாதி இந்துக்கள் எவ்விதம் அனுபவிக்கிறார்களோ அவ்விதமே தாழ்த்தப்பட்ட வகுப்பினர் எவரும் அனுபவிக்கலாம். அரசாங்கம் இதனை ஒப்புக்கொண்டு உத்தரவு பிறப்பித்து, அடுத்த வருஷம் கெஜட்டிலும் பிரசுரித்தது.

இத்தீர்மானத்தில் இரண்டு நுட்பங்கள் உண்டு. முதலாவது, அதில் அவருடைய குலத்தின் பெயர் இல்லை. "என் மக்களுக்கு வழி விடுங்கள்" என்று அவர் கேட்கவில்லை. வழி நடக்கும் உரிமையை "எந்த வகுப்பினர்க்கும்" என்றே கேட்டார். தம் பத்திரிகைக்குக் குலப்பெயரையே சூட்டிய ஒருவர், சட்டசபையில் எழுதிய வாக்கியத்தில் எந்தக் குலப்பெயரையும் எழுதவில்லை. தம்மவரின் துயரம் அவரைச் சபைக்குக் கொண்டுவந்தது. சபையில் அவர் பேசியதோ எல்லார்க்கும் உரிய நியாயம்.

இரண்டாவது நுட்பம், "பொது" என்னும் சொல். சாலை எவர் பணத்தால் இடப்பட்டது? கிணறு எவர் பணத்தால் வெட்டப்பட்டது? ஸ்தல ஸ்தாபனங்கள் மக்களிடம் வசூலித்த வரியினால் அன்றோ? வரி வாங்குங்கால் குலம் பாராத கை, வழி விடுங்கால் மட்டும் குலம் பார்ப்பது எவ்வாறு நியாயமாகும்? சீனிவாசனார் தயை வேண்டி நிற்கவில்லை; முன்னமே தமக்குரிய பொருளைத் தமக்குரியதென்று எழுதித் தரும்படி கேட்டார். யாசகத்துக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அந்த "எந்த வகுப்பினர்க்கும்" என்ற சொற்றொடரின் பயனைக் காணச் சில மாதங்களே சென்றன. மலையாள ஜில்லாவைச் சார்ந்த பாலக்காட்டில் கல்பாத்தி என்னும் அக்கிரகாரம் உளது. அதன் தெருக்களில் ஈழவ சமூகத்தார் நடக்க முடியாதிருந்தது. 1924 ஆம் வருஷம் நவம்பர் மாதத்துத் தேர்த்திருவிழாவின்போது, புதிய உத்தரவை நம்பி அவர்களிற் சிலர் அத்தெருவினுட் சென்றனர், அடித்து விரட்டப்பட்டனர். பின்னர் அதிகாரிகளே அவர்கள் அங்குச் செல்லலாகாதெனத் தடையுத்தரவும் இட்டனர். இதிலிருந்து நாம் இரண்டு செய்திகளை அறிகிறோம். ஒரு குலத்தார் பெற்றுத் தந்த வாக்கியத்தை ஆதாரமாகக் கொண்டு வேறொரு குலத்தார் தம் உரிமையைக் கேட்க முடிந்தது என்பது ஒன்று. சபையில் நிறைவேறிய தீர்மானம், மீறுவோரைத் தண்டிக்கும் பல் இல்லாதவரையில், தெருவில் தானாகவே நடந்துவிடாது என்பது மற்றொன்று.

அதே காலத்தில் அயலிலுள்ள திருவிதாங்கூர் ராஜ்யத்தில் நடந்ததையும் நோக்குங்கள். வைக்கம் என்னும் ஊரில் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் எல்லாரும் நடக்க வேண்டுமென்று 1924 ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 30 ஆம் தேதி சத்தியாக்கிரகம் தொடங்கியது. நம் தமிழ்நாட்டிலிருந்தும் ஈ. வெ. ராமசாமி முதலியோர் சென்று சிறைப்பட்டனர். 1925 ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் அவ்வீதிகளைத் திறக்கும் தீர்மானம் அந்த ராஜ்யத்தின் சட்டசபையில் வாக்குக்கு விடப்பட்டது. ஆதரித்தோர் 21 பேர்; எதிர்த்தோர் 22 பேர். ஒரே ஒரு வாக்கினால் அது தோற்றது! வெயிலிலும் வெள்ளத்திலும் நின்ற தொண்டர்கள் மேலும் பல மாதங்கள் நிற்க நேர்ந்தது. சட்டசபையில் ஓர் ஆசனத்தின் விலை என்னவென்று கேட்போர்க்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது. அங்கே அமர்ந்திருப்பவர் எக்குலத்தவர் என்பதைக் காட்டிலும், கை உயர்த்த வேண்டிய வேளையில் எதற்காக உயர்த்துகிறார் என்பதே பெரிது.

சீனிவாசனாரின் ஊழியம் சென்னையோடு நின்றுவிடவில்லை. 1930 ஆம் வருஷத்தில் லண்டன் மாநகரில் கூடிய வட்டமேஜை மகாநாட்டுக்கு டாக்டர் அம்பேத்கரோடு அவரும் சென்றார். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வேண்டிய பாதுகாப்புகளைக் கூறும் திட்டமொன்றை இருவரும் சேர்ந்து சமர்ப்பித்தனர். 1932 ஆம் வருஷத்துப் பூனா ஒப்பந்தத்தில் அவரும் கையொப்பமிட்டார். அதன் பயனாகச் சென்னைச் சட்டசபையில் 30 ஸ்தானங்கள் அம்மக்களுக்கென ஒதுக்கப்பட்டன. கவர்னரின் நியமனத்தை எதிர்பார்த்திருந்தோர் மக்களின் வாக்கினால் சபை ஏறும் காலம் 1937 ஆம் வருஷத்துத் தேர்தலோடு வந்தது.

ஸ்ரீ எம். சி. ராஜா அவர்கள் தேர்தல் முறை விஷயத்தில் சீனிவாசனாருடன் மாறுபட்டு நின்றவர். ஆயினும் 1938 ஆம் வருஷத்தில் குடியுரிமைத் தடைகளை நீக்கும் சட்டம் அவருடைய முயற்சியாலேயே சென்னைச் சட்டசபையில் நிறைவேறியது. 1924 ஆம் வருஷத்துத் தீர்மானத்துக்கு இல்லாதிருந்த பல் அப்பொழுது முளைத்தது. வழி மறிப்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. மார்க்கத்தில் பேதப்பட்டோர் நோக்கத்தில் ஒன்றுபட்டனர். ஒரே சங்கத்தில் இரு கட்சியாகப் பிரிந்து முகம் பாராதிருக்கும் நாம் இதனைக் கவனித்தல் நலம்.

சீனிவாசனார் 1945 ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 18 ஆம் தேதி காலமானார். சுதந்தரத்தைக் காண அவர் உயிரோடிருக்கவில்லை. ஆனால் 1950 ஆம் வருஷம் ஜனவரி மாதம் 26 ஆம் தேதி அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்தின் 15 ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கிணறு, குளம், ஸ்நானத்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றைச் சாதி காரணமாக எவருக்கும் மறுக்கலாகாதென அது கூறுகிறது. 17 ஆம் பிரிவோ தீண்டாமையையே ஒழித்தது. நியமன அங்கத்தினர் ஒருவர் சென்னையில் கேட்ட அதே நியாயம், இருபத்தாறு வருஷங்களுக்குள் பாரத தேசம் முழுவதற்கும் சட்டமாகியது.

இனி, நம் குலத்தவரல்லாத ஒருவரின் சரிதையை ஏன் கூறினேன் என்பதைச் சொல்ல வேண்டும். என் பாட்டனாரைப் பற்றி என் தந்தையார் கூறக் கேட்டதுண்டு. மேல் தெரு வழியாகச் செல்லும்போது அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பாராம். அவ்வவமானத்தை இறக்கும்வரை மறக்கவில்லையாம். அதே பாட்டனார், வயலில் உழைத்துத் தாகத்தோடு வந்த பண்ணையாளைத் தம் கிணற்றருகே அண்டவிடாமல், தூர நிற்கச் சொல்லிக் கையில் நீர் வார்த்தவர். மேலே நோக்கி நியாயம் கேட்ட வாய், கீழே நோக்கி அதனை மறுத்தது. இஃது என் பாட்டனார் ஒருவரின் குறைதானா? இங்குள்ள பெரியோர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பழங்கதையை நினைவுகூர்ந்து பார்க்கட்டும்.

அது பழங்காலத்தோடு ஒழிந்ததென்று சொல்லவும் வழியில்லை. 2022 ஆம் வருஷம் டிசம்பர் மாதம், புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில் ஆதிதிராவிட மக்கள் பருகும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது வெளியாயிற்று. சீனிவாசனார் தீர்மானம் கொணர்ந்து ஏறக்குறைய நூறு வருஷங்கள் கழிந்த பின்னரும், குடிநீரே மனிதரை அவமதிக்கும் கருவியாக்கப்பட்டதை எண்ணினால் நெஞ்சு பதறுகின்றது.

ஆகவே அன்பர்களே, அடுத்த தேர்தலில் நம் சங்கத்தின் ஆதரவை நாடி எவரேனும் வந்தால், "நீர் நம்மவரா?" என்று மட்டும் கேளாதீர்கள். நம்மவரே ஆயினும் அவரை நோக்கி, "ஐயா, தாங்கள் சபையில் கேட்கப்போகும் வாக்கியத்தில் நம் பெயரை எடுத்துவிட்டு மற்றொரு குலத்தின் பெயரை வைத்தாலும் அது நியாயமாக நிற்குமா?" என்று கேளுங்கள். நிற்கும் என்பாரேல் அவரை மனமார ஆதரிப்போம். நிற்காதெனில், அவர் நமக்குத் தேடித் தருவது சலுகையேயாகும். சலுகை கொடுத்தவன் கை மூடியதும் ஒழிந்துபோம்.

நம் சங்கக் கட்டிடத்தின் முற்றத்தில் புதிதாக நீர்க்குழாய் அமைக்கப் போவதாகக் காரியதரிசி அவர்கள் அறிவித்தார்கள். அது தெருவை நோக்கி இருக்கட்டும். வருவோர் எவரும், யார் என்று கேட்கப்படாமல், தாமே திறந்து பருகட்டும். மணி அடிக்கும்வரை வெளியே காத்து நின்ற அச்சிறுவனுக்கு நாம் செய்யத்தக்க மரியாதை அதுவே என்பது என் தாழ்மையான விண்ணப்பம்.