வேடமல்ல, மேடை!



நாடகம் ஆடிக் கொள்கை வளர்த்தவர்கள் நாம். மேடையின் அருமை அறிந்த உங்களிடம், ஆகஸ்ட் வில்சன் என்னும் அமெரிக்கக் கருப்பின நாடகாசிரியரைப்பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

1945-இல் பிட்ஸ்பர்க் நகரிலே பிறந்தார். நெப்போலியனைப்பற்றி அவர் தீட்டிய கட்டுரையை அவரே எழுதியிருக்க முடியாது என்று ஐயுற்றார் ஆசிரியர். 15 வயதுப் பிள்ளை பள்ளியைத் துறந்தான், நூலகம் புகுந்தான்! 1965-இல் பழைய இசைத்தட்டு ஒன்றிலே பெஸ்ஸி ஸ்மித்தின் குரல் கேட்டார். ஏடுகள் எழுத மறந்த தம் மக்களின் வாழ்வை, புளூஸ் எனும் அந்த இசை பாடி வைத்திருக்கக் கண்டார். 20-ஆம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாகப் பத்து நாடகங்கள் படைத்தார். இருமுறை புலிட்சர் பரிசு பெற்றார்.

1984-இல் பிராட்வே கண்ட 'மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்' நாடகத்தைப் பாருங்கள். 1927, சிகாகோவிலே ஓர் இசைத்தட்டு நிலையம். பாடுவோர் கருப்பர், பணம் எண்ணுவோர் வெள்ளையர்! லெவி என்ற இளைஞன் நெஞ்சைப் பிழிந்து பாடல் தருகிறான். பாட்டுக்கு 5 டாலர் என்று விலை பேசுகிறான் முதலாளி. கொதித்தான் இளைஞன், கத்தியும் எடுத்தான். பாய்ந்தது யார்மீது? தன் காலணியை மிதித்துவிட்ட சக கலைஞன்மீது! சுரண்டியவன் சுகமாயிருக்க, சோதரன் மாண்டான்.

ஏன் இந்த அவலம்? பாட்டு அவர்களுடையது, பதிவு நிலையம் அவர்களுடையதல்ல.

அதனால்தான் 1996 ஜூன் திங்களில், பிரின்ஸ்டனில் கூடிய நாடகத் துறையினர் மாநாட்டிலே வில்சன் முழங்கினார். பெரும் நாடக மன்றங்கள் 66. அவற்றிலே கருப்பினத்தாருடையது ஒன்றே ஒன்று என்று கணக்குக் காட்டினார். வெள்ளையர் வாழ்வைச் சொல்லும் நாடகத்திலே கருப்பருக்கு வேடம் தருவது நீதியாகாது. எம் வாழ்வை யாமே சொல்ல எமக்கு மன்றங்கள் தேவை என்றார்.

பிரிவினை பேசுகிறார் என்று சீறினர் சிலர். வெள்ளையர் நடத்தும் மன்றங்களிலே தாமே வெற்றி கண்டவர் ஆயிற்றே என்று இடித்துரைத்தனர். உண்மைதான், தமக்குத் திறந்த கதவைக் கண்டு, தம் மக்களுக்கு அடைபட்ட கதவை அவர் மறந்தாரில்லை. அது முரண்பாடா, தோழர்களே? அதுவன்றோ இனப்பற்று!

2005-இல் மறைந்தார். அதே ஆண்டு பிராட்வே அரங்கு ஒன்று அவர் பெயர் பூண்டது. மகிழ்கிறோம். ஆனால், அவர் கேட்டது பெயர்ப் பலகையா? அரங்கின் திறவுகோலையன்றோ!