ஆயுதம் எடுக்காதவர்களின் போர்முனைப் பயணம்

எந்தக் காரணத்துக்காகவும் எவர்மீதும் ஆயுதம் எடுக்கக் கூடாது என்பது குவேக்கர்களின் நெறி. 1661-லேயே இங்கிலாந்து அரசருக்கு இதை எழுதிக் கொடுத்துவிட்டவர்கள் அவர்கள். 'நண்பர்கள் சங்கம்' என்பது அந்தச் சமயத்தாரின் முறையான பெயர். அந்த நெறியில் வளர்ந்தவர்களும் அதற்கு உடன்பட்டவர்களுமாக 43 பேர், 1914 அக்டோபர் 31 அன்று டோவர் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள். போன இடம் போர்முனை. போரே கூடாது என்றவர்களுக்கு அங்கே என்ன வேலை?

இந்தக் கேள்வி அன்றைக்கு அவர்கள் சபைக்குள்ளேயே எழுந்தது. ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது. சண்டையிட மறுக்கும் இளைஞன் வீட்டில் உட்கார்ந்திருப்பதா என்ற தவிப்புக்கு, 24 வயது பிலிப் பேக்கர் விடை சொன்னார். ஒலிம்பிக்கில் ஓடியவர், பின்னாளில் பிலிப் நோயல்-பேக்கர் என்று அறியப்பட்டு, 1959-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். காயம்பட்டவர்களுக்கு உதவ ஓர் ஆம்புலன்ஸ் அணி வேண்டும், வருகிறவர்கள் வரலாம் என்று குவேக்கர் இதழான 'தி பிரெண்ட்'டில் எழுதினார். வந்தவர்களுக்கு ஜோர்டன்ஸ் என்ற சிற்றூரில் பயிற்சி முகாம் நடந்தது. பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் அடக்கமான ஊர் அது. முதலுதவி, ஸ்ட்ரெச்சர் தூக்குவது, சமையல், துப்புரவு, நெடுந்தூர நடை எல்லாம் பழகினார்கள். பிறகு காத்திருந்தார்கள். இராணுவ அதிகாரிகளுக்கு இவர்களால் ஆகவேண்டியது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. தொண்டு செய்ய மனம் இருந்தால் போதும், வழி தானே பிறக்கும் என்று சொல்கிறவர்கள் இந்தக் காத்திருப்பைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பெல்ஜியத்தில் நிலைமை கைமீறிப் போன பிறகுதான் அனுமதி கிடைத்தது.

கப்பல் அக்கரை சேர்வதற்குள் முதல் வேலை வந்துவிட்டது. 'ஹெர்மீஸ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி ஆங்கிலக் கால்வாயில் தாக்கியிருந்தது. தண்ணீரில் தத்தளித்த மாலுமிகளைத் தூக்கி ஏற்றி, டோவருக்கே திரும்பிக் கரைசேர்த்துவிட்டு, மறுபடியும் புறப்பட்டார்கள். போர் வேண்டாம் என்றவர்கள் முதலில் கைகொடுத்தது போர்க்கப்பலின் ஆட்களுக்கு.

அக்கரையில், பிரான்சின் டன்கர்க் ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகைகளில் ஆயிரக்கணக்கான காயம்பட்ட வீரர்கள் வைக்கோல்மேல் கிடந்தார்கள். நாள்கணக்கில் கட்டு மாற்றாத புண்கள். அழுகல் நாற்றம். ஏற்றிச் செல்லக் கப்பல் வரும்வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். காய்ந்த இரத்தத்தோடு ஒட்டிப்போன துணியை வெடுக்கென்று இழுத்துவிட முடியாது. நனைத்து நனைத்து, பொறுமையாகத்தான் பிரிக்க வேண்டும். ஒரு கட்டைப் பிரித்து முடிப்பதற்குள் பக்கத்தில் இன்னொருவர் முனகுவார். பல்கலைக்கழக வகுப்பிலிருந்து வந்த பிள்ளைகள் வாரக்கணக்கில் இரவு பகலாக இதைத்தான் செய்தார்கள். ஜோர்டன்ஸில் பழகிய முதலுதவி கைகொடுத்தது என்றாலும், இப்படியொரு காட்சிக்கு எந்த முகாமும் ஆளைப் பழக்கிவிட முடியாது.

அணியின் தலைசிறந்த பணி எது என்று கேட்டால், ஈப்ர் நகரத்தைச் சொல்ல வேண்டும். குண்டு விழுந்துகொண்டிருந்த அந்த பெல்ஜிய நகரிலும் சுற்று வட்டாரத்திலும் டைபாய்டு பரவியது. படைக்கு மருத்துவர்கள் இருந்தார்கள். பொதுமக்களைப் பார்க்க ஆள் போதவில்லை. குவேக்கர் அணியினர் தடுப்பூசி போட்டார்கள், குடிநீரைச் சுத்திகரித்தார்கள், குழந்தைகளுக்குப் பால் கொடுத்தார்கள், மருத்துவமனை நடத்தினார்கள். அணியினர் பணிபுரிந்த ஆம்புலன்ஸ் வண்டிகளும் மருத்துவ ரயில்களும் அவர்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தன. உயிர் காத்ததில் சுத்தமான தண்ணீருக்கு உரிய பங்கை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

சங்கடம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. குணமான வீரன் எங்கே போவான்? மறுபடி பதுங்குகுழிக்குத்தான். 1916-ல் பிரிட்டனில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் வந்ததும் முடிச்சு இறுகியது. இந்த அணியில் பணிபுரிவதையே படைச் சேவைக்கு மாற்றாக, மனசாட்சியின் பேரில் மறுத்தவர்களை விசாரித்த தீர்ப்பாயங்கள் ஏற்றுக்கொண்டன. அப்படியானால் அணியும் போர் இயந்திரத்தின் ஒரு பல்சக்கரம் ஆகிவிடாதா? ஆகிவிட்டது என்றார் கோர்டர் காட்ச்பூல். டன்கர்க்கில் தொடக்க நாட்களிலேயே உழைத்தவர். அணியை விட்டு விலகி, சட்டத்துக்கும் பணிய மறுத்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். மற்றவர்களோ வண்டியை நிறுத்தவில்லை. இரு தரப்பாரும் சான்று காட்டியது ஒரே சமய நெறியைத்தான். யார் செய்தது சரி என்று இன்றுவரை முடிவாகவில்லை. வண்டி ஓட்டியவர்களைக் கோழைகள் என்றோ, சிறை சென்றவரைப் பிடிவாதக்காரர் என்றோ சொல்வதுதான் தவறு.

1919-ல் கலைந்த அணி, இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939-ல் மீண்டும் கூடியது. 1941 முதல் சீனாவின் மலைச்சாலைகளில் மருந்துப் பெட்டிகளை லாரியில் கொண்டுபோனது. பெட்ரோல் கிடைக்காதபோது கரிவாயுவில் ஓட்டினார்கள். 1942-ல் ஒரு பிரிவு இந்தியாவுக்கும் வந்தது. காந்தியடிகளின் நண்பர் ஹோரஸ் அலெக்சாண்டர் அதற்குத் தலைவர். மேதினிப்பூர்ப் புயலிலும், அடுத்த ஆண்டு வங்கப் பஞ்சத்திலும் அந்தப் பிரிவு நிவாரண வேலை பார்த்தது.

1947-ல் அமைதிக்கான நோபல் பரிசு பிரிட்டிஷ், அமெரிக்கக் குவேக்கர் அமைப்புகள் இரண்டுக்குக் கிடைத்தது. பரிசுப் பட்டியலில் ஆம்புலன்ஸ் அணியின் பெயர் இல்லை. அதற்கு முந்திய ஆண்டே அது கலைக்கப்பட்டிருந்தது.