பெயரிற் புகுந்த பிழை

கணிப்பொறி நிரலிலே மனிதருக்கென்றே எழுதப்படும் வரிகளும் உண்டு. அவற்றைக் குறிப்புரை என்பர். பொறி அவற்றைப் பொருட்படுத்தாது. பலர் எடுத்தாளும் நிரல் தொகுப்பொன்றின் விளக்க ஏட்டிலும் குறிப்புரைகளிலும் எழுத்துப் பிழை களைய ஒருகால் அமர்ந்தேன். ஒரு மாலையில் பணி முடிந்தது. ஆயின் ஒரு பிழை, கட்டளை ஒன்றின் பெயரிலேயே இருந்தது. திருத்தப் போன கையை நிறுத்திக்கொண்டேன். அப்பெயரைப் பிழையோடே அழைக்கும் பிறர் நிரல்கள் இயங்காமற் போகும் அன்றோ? ஆகவே பழைய பெயரையும் விட்டுவைத்து, திருந்திய பெயரை அதனருகே சேர்த்தேன்.

இதற்குப் பெருஞ்சான்று ஒன்று கூறுவேன். இணையத்தில் நாம் எப்பக்கத்திலிருந்து வந்தோம் என்பதை அறிவிக்கும் குறிப்புக்கு 'ரெஃபரர்' என்று பெயர். அவ்வாங்கிலச் சொல்லின் இடையே 'ஆர்' என்னும் எழுத்து இரட்டித்து வரவேண்டும். 1996-இல் வெளியான நெறிமுறை ஆவணத்திலோ ஒற்றை எழுத்தே உள்ளது. உலகெங்கும் நிரல்கள் அதனையே பின்பற்றின. இன்றும் அப்பிழையே விதி!

குறிப்புரைப் பிழையை என்றும் திருத்தலாம். பெயரிற் புகுந்த பிழையோ, பலர் கைக்கொண்டபின் வழக்காகிவிடும். ஆதலின், எழுதியதைப் பிறர் கையில் தருமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.